அம்மாவின் நகப்பூச்சு

ஸ்கூட்டருக்கு ஊற்றும்போது விரலில் சிந்திய பிரேக் ஆயிலைத் துடைத்தேன். நகப்பூச்சும் இளகித் துணியில் சிவப்பாக ஒட்டியது.

ஆஸ்டின் டவுனில் இப்போது இல்லாத கவுஸ் பாயின் கார் மெக்கானிக் ஷெட்டிலும் இதே நெடிதான். பாகங்களை மாற்றிவிடுவார் என்று சந்தேகப்பட்ட அப்பா, பழைய காரின் முன்சக்கர பிரேக் காலிப்பர்களில் அம்மாவின் நகப்பூச்சால் ரகசியமாகப் புள்ளி வைத்து, சின்னப் பிள்ளையான என்னையும் ஸ்டூலில் காவலுக்கு உட்காரவைத்துப் போயிருக்க, கவுஸ் பாய் காற்றடித்துப் பிஸ்டனைத் தள்ளுவதையும், பிரேக் ஆயில் தோய்ந்த துணியால் துடைத்துத் துடைத்துப் புது ரப்பர் பொருத்துவதையும் கண்கொட்டாமல் பார்த்தேன்.

மாலையில் புள்ளியைக் காணோம்.

“மாத்திட்டீங்களா பாய்?” என்றார் அப்பா.

“உங்க பார்ட்டுதான் சார். நல்லா தொடச்சு வெச்சேன்.”

“என்னை டீ சொல்ல அனுப்பினாருப்பா. அப்பத்தான் மாத்தியிருப்பாரு” என்றேன் நான்.

அதன்பின் அப்பா அங்கே போகவில்லை. பாயின் தோளில் கிடந்த துணியிலும் இதே சிவப்பு இருந்தது. அன்று அதைத் துரு என்று நினைத்தேன்.