சாக்குக்குள் இருந்தவன்

தலையில் சாக்கை மாட்டிவிட்டால் எனக்குப் பயம் போய்விடும். அதனால்தான் நாடகத்தில் நடிக்க ஒப்புக்கொண்டேன். திண்டிவனத்தில் ஒரு நிலக்கடலை மண்டியில் எடை போடுகிறேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூட என்னால் முடியாது.

மண்டிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கிடங்கில் ஒத்திகை நடந்தது. நடத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியர். நாங்கள் வாத்தியார் என்போம். கதை இதுதான்: ஏதோ ஒரு நாட்டில் போர். பிடிபட்ட கைதிகளைச் சிப்பாய்கள் அடித்து, அவமானப்படுத்தி, பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் பத்திரிகைகளின் கைக்குப் போகிறது. யார் முதலில் போடுவது, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று அங்கே அடிதடி. கடைசி வரை அந்தக் கைதியின் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. கைதி நான். எனக்கு வசனமே கிடையாது.

சிப்பாயாக நடித்தது விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண். டியூட்டி முடிந்து பஸ் பிடித்து வருவாள். நான் முட்டி போட்டிருப்பேன். என் தலையில் கை வைத்து, கட்டைவிரலை உயர்த்தி அவள் சிரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ஒரு காலிச் சாக்கை மடித்து என் முட்டிக்கு அடியில் தள்ளுவாள்.

“வலிக்குதாண்ணா?”

“இல்லம்மா.”

“வலிச்சா வாயத் தொறந்து சொல்லுங்க. சாக்குக்குள்ள இருந்துக்கினு தலைய ஆட்டுனா எனக்கு எப்பிடித் தெரியும்?”

எங்கள் மண்டிச் சாக்குகளில் பச்சை மையில் வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம் இருக்கும். விவசாயிகளுக்குக் கொடுத்தனுப்பும் காலிச் சாக்கு வேறு மண்டிக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. சாக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டச் சொல்லியிருந்தார் வாத்தியார். ஒருநாள் மறந்துவிட்டோம். அன்றைக்கென்று பார்த்துக் குழுவில் ஒருவர் அவள் சிரிக்கும் காட்சியைப் போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்.

மறுநாள் டீக்கடையில், மூட்டை தூக்குகிற ஒருவர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பாத்தியாப்பா அக்கிரமத்த? வேலைக்கு வந்த வெளியூர்க்காரனாம். உங்க மண்டிச் சாக்குதான், முத்திரையப் பாரு. இதே ஊர்ல எங்கியோ கட்டிப் போட்டு அடிச்சிக்கினு இருக்காங்க.”

“எவ்ளோ கொழுப்பு இருந்தா பக்கத்துல நின்னு சிரிப்பா,” என்றார் டீ ஆற்றியவர். “பாவம், அவன் உசுரோட இருக்கானோ இல்லியோ.”

அந்தப் பாவப்பட்டவன் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தான். படத்தை என் இடுப்போடு வெட்டியிருந்தார்கள். முட்டிக்கு அடியில் இருந்த சாக்கு தெரியவில்லை. அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். என் முகம்தான் எங்கும் இல்லையே. அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

“இன்னாப்பா, உனக்கு இப்பிடி வேர்க்குது?”

“டீ சூடுங்க,” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

“அண்ணா, ஆஸ்பத்திரில உள்ள விட மாட்டன்றாங்க. வேலைக்கே வராதன்றாரு மேனேஜரு. கேட்டாண்ட ஒரே கும்பல், டிவிக்காரங்க வேற. வாத்தியார போலீஸ்ல கூப்ட்டுக்கினு போய்ட்டாங்களாம், போன் எடுக்கல.”

“நாடகம்னு சொல்லும்மா.”

“சொல்லாம இருப்பனா? அப்ப அந்த ஆளக் காட்டுன்றாங்க.”

போனைக் காதில் வைத்தபடியே கிடங்குப் பக்கம் நடந்தேன்.

“ஜல்தி வாங்கண்ணா,” என்றாள்.

அந்தச் சாக்கை ஒரு துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் அதே படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. விக்கிரவாண்டியில் மறுபடியும் அப்படித்தான் இருந்தது. நான் நடிப்பது என் மனைவிக்கே தெரியாது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடியில் அவள் தலை குனிந்து நின்றிருந்தாள். சுற்றிலும் போன்கள். ஒருவர் கையில் மைக் இருந்தது. அவர் பக்கத்தில் போனேன்.

“அது நான்தாங்க.”

“எதுங்க?”

“படத்துல... சாக்குக்குள்ள.”

“யோவ், யாருய்யா நீ? செட்டப்பா?”

“எந்தக் கூத்துலருந்து புடிச்சிக்கினு வந்தாங்க இந்த ஆள?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

பையிலிருந்து சாக்கை எடுத்து மாட்டிக்கொண்டேன். நிலக்கடலைத் தூசி மூக்கில் ஏறியது. பயம் போய்விட்டது. ஒத்திகைப் பழக்கத்தில் அப்படியே தார் ரோட்டில் முட்டி போடப் போனேன். வெயிலில் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. முட்டி தரையில் படுவதற்குள் யாரோ எதையோ மடித்து அடியில் தள்ளினார்கள். கூடவே டெட்டால் வாசனை. அவளுடைய துப்பட்டா.

“வலிக்குதாண்ணா?”

கூட்டம் அடங்கியது. “டேய், மெய்யாலுமே நாடகந்தாண்டா போல,” என்று யாரோ சொன்னார்கள்.

மைக் சாக்கில் வந்து உரசியது. “உங்க பேரு, ஊரு சொல்லுங்க.”

நாடகத்தில் யாரும் கேட்காத கேள்வி. உள்ளே இருந்தபடியே சொன்னேன்.

“ஒண்ணும் கேக்கல. சாக்க எடுத்துட்டு இங்க பாத்து சொல்லுங்க. மூஞ்சி தெரியலன்னா எவன் நம்புவான்?”

பக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சாக்குக்குள் இருந்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசியிருப்பேன். ஆனால் அவள் முகத்தைத்தான் ஊரே பார்த்துவிட்டதே.

எடுத்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது. என் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், மண்டியில் எடை போடுவதைச் சொன்னேன்.

“இது நாடகம். இந்தப் பொண்ணு என்ன ஒண்ணும் பண்ணலங்க. எனக்கு முட்டி வலிக்கக் கூடாதுன்னு சாக்கு மடிச்சி வெக்கும். படத்துல அத வெட்டிட்டீங்க.”

ஒரே மூச்சில் அவ்வளவு பேச்சு நான் பேசியதே இல்லை.

மேனேஜர் கேட்டைக் கொஞ்சம் திறந்தார். “உள்ள வாம்மா மொதல்ல. மத்தத அப்புறம் பேசிக்கலாம்.” அவள் உள்ளே போனாள். துப்பட்டா என் முட்டிக்கு அடியிலேயே கிடந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. சுற்றியிருந்த போன்கள் இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்டு வரை அந்தச் சாக்கை மறுபடியும் மாட்டிக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது.