பேன்ட்ரி மாத்திரை டப்பாவும் ஷர்மிளாவும்

ஷர்மிளா போய்விட்டாள். நேற்று காலை, ஐசியூவில். சிறுநீரகத்தில் தொற்று... ரத்தத்தில் பரவிவிட்டது.

எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லையாம். கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு நேரே வரிசையாக "ரெசிஸ்டன்ட்" என்று இருந்ததாக அவள் தம்பி அழுதான்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் என் பக்கத்து சீட். ஆம்பூர்க்காரி. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு எங்களோடு சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் குப்பை கொட்டியவள்.

எங்கள் பேன்ட்ரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. காய்ச்சல் விட்டதும் மீதி ஆன்டிபயாடிக் மாத்திரையை எல்லோரும் அதில் போடுவார்கள். அடுத்து யாருக்குத் தொண்டை கட்டினாலும் அதிலிருந்து ஒன்றிரண்டு... லீவு போட வேண்டாம் பாருங்கள். பெரிய சேவை!

அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டேய், தேவையில்லாம போட்டா லேசான கிருமி சாகும், தாங்கற கிருமி நிக்கும். அதுக்குள்ள பிளாஸ்மிட்னு குட்டி டிஎன்ஏ வளையம் ஒண்ணு இருக்கும். நாலஞ்சு மருந்தைத் தாங்கற வித்தை அந்த ஒரே வளையத்துல இருக்கலாம். அதை காப்பி எடுத்து, பக்கத்துல இருக்கற வேற இனத்துக் கிருமிக்கும் குடுத்துரும். ஷேர் பண்றதுல உங்களையெல்லாம் மிஞ்சிரும்!"

ஒருநாள் டப்பாவையே தூக்கிவிட்டாள். கன்னடக்கார மேனேஜர் கூப்பிட்டார்.

"சும்னே எதுக்கும்மா இஷ்யூ பண்றே? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. குரூப்ல ஒரு சாரி போட்டுடு."

போட்டாள். "சாரி. மறுபடி வெச்சா மறுபடி தூக்குவேன்."

அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாளே புது டப்பா வந்துவிட்டது.

அவளைக் கொன்ற கிருமி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த டப்பாவிலிருந்துதான் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் இன்று மதியம் அதே பேன்ட்ரியில் அவள் போட்டோவுக்கு மாலை, மௌன அஞ்சலி. போட்டோ சரியாமல் நிற்க முட்டுக்கொடுத்தது எதைத் தெரியுமா? அந்த டப்பாவை!

முடிந்ததும் ஒருவர் தும்மிக்கொண்டே வந்தார். போட்டோவை லேசாக நகர்த்தி, டப்பாவைத் திறந்து, ஒரு அசித்ரோமைசின் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் முகத்துக்கு முன்னால். வெட்கமே இல்லாமல்...

டப்பா இப்போது என் பையில். போட்டோ சரிந்துவிட்டது என்று என்னைத் திட்டினார்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள் என்றேன்.

மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். சாரி எல்லாம் கிடையாது.

போய் வா ஷர்மி. நாளைக்கும் வைப்பார்கள். நாளைக்கும் தூக்குவேன்.