தேர்வடத்தைத் தொட்டுக் கொடுத்த வாக்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையெழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னே நடந்தது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ வந்தது. மைக்கில் மாதா பாட்டு. பாட்டு முடியுமுன்னே ஓட்டுக் கேட்டார்கள். உடனே ஒரு நகைக்கடை விளம்பரம். மாதாவைக் கும்பிடக் கை தூக்கிய நான் நகைக்கடையைக் கும்பிட்டு முடித்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குப் புதுக் கயிற்றின் வாசனை வந்துவிடும். திருவிழாவுக்கு முன்தினம் தேர்வடத்தை மாதா கோயில் முற்றத்தில் நீட்டிப் போடுவார்கள். வடத்தைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது. கல்யாணப் பேச்சோ வலைச் சண்டையோ, அங்கேதான் தீரும்.

ஒரு தேர்தலில் கப்பல் சரக்கு இறக்கும் முதலாளி ஒருவர் நின்றார். வேட்டியை மடித்துக்கட்டி, தேர் இழுக்க வந்தார். எங்கள் கரையில் கல் கொட்டி நிலக்கரி இறக்க மேடை கட்டப்போகிறார்கள் என்று அப்போது பேச்சு. கரை போனால் மீன்பிடி வள்ளத்தை எங்கே ஏற்றுவது? என் வீட்டுக்காரருக்கு அந்த வள்ளத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

முதலாளி வடத்தைப் பிடித்துச் சொன்னார்: "உங்க கரையில ஒரு கல்லு விழாது."

எங்கள் ஆண்களும் பிடித்தார்கள்: "எங்க ஓட்டு என்னைக்கும் ஒமக்குத்தான்."

ஜெயித்தார். மழைக்கு முன்னே கல் வந்து விழுந்தது. கல் கொண்டுவந்த லாரியும் அவருடையதுதான்.

அடுத்த தேர்தலுக்குள் பாதிக் கரை போய்விட்டது. மறுபடியும் அவரே நின்றார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. வீட்டுக்காரரிடம் மட்டும் வரும்.

"அவன் சொன்ன சொல்லக் காப்பாத்தல. நீரு மட்டும் எதுக்குக் காப்பாத்துதீரு? ஓட்டுப் போடுத எடத்துல யாரு பாக்கா?"

"மாதா பாக்கா. அவன் தொட்டது வெறுங் கயிறு ஏளா, நான் தொட்டது அவ தேரு."

கடைசியில், வாக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஊரே பங்குச்சாமியாரிடம் போனது. அவர் பாதியில் நின்ற மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். அதைக் கட்டுவது யார் காசு என்று எல்லோருக்கும் தெரியும்.

"கோபுரம் முடியட்டும், பொறவு பேசுவோம்" என்றார்.

"கோபுரம் முடியதுக்குள்ள நாங்க முடிஞ்சிருவோம் சாமி" என்றாள் பக்கத்து வீட்டு மரியம்மா. யாரும் சிரிக்கவில்லை. சாமியாரும், பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் அந்த முதலாளிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தார். மிச்சக் கரையும் போனது. வள்ளத்தை விறகுக்குக் கொடுத்தோம். பிறகு அந்த மேடையிலேயே கரித்தூள் கூட்டும் வேலைக்குப் போனார். சாகும்வரை எச்சில் கறுப்பாகத்தான் வந்தது.

இப்போது கரை இருந்த இடத்தை மறைத்துப் பெரிய மதில். அலைச் சத்தம் கேட்கிறது, கடல் தெரியவில்லை. முதல் லாரி வந்தது ஆடியிலா ஐப்பசியிலா, முதலாளிக்கு ஓட்டுப் போட்டது இரண்டு தடவையா மூன்று தடவையா, எனக்கு நிச்சயமில்லை. ஊரில் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுத் திருத்திவிடுங்கள். எங்கள் வள்ளம் ஏறிய இடம் எதுவென்றும் கேட்டுச் சொல்லுங்கள். மதிலை ஒட்டிக் கடைசிவரை நடந்து பார்த்தேன். எந்த இடத்தில் நின்று அழுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.