மருந்தென்று குடித்த நண்டுச் சாறு

முதலில் தெரிந்தது உதட்டில்தான். நான் பஸ் கண்டக்டர். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் வண்டியை எடுக்கச் சொல்ல விசிலை வாயில் வைத்தேன். அது நிற்கவில்லை. கீழுதடு பணியாரம் போல உப்பியிருந்தது. ஊதினால் காற்று ஓரமாகப் போய்ப் புஸ்ஸென்றது.

"இன்னா கண்டக்டரே, வீட்ல அடி பலமா?" என்று முன் சீட்டுக்காரர் கேட்டார். வண்டியே சிரித்தது.

நானும் சிரிக்கப் பார்த்தேன், உதடு இடம் கொடுக்கவில்லை. கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தது. டிரைவர் காதர் பாய் என் காலரை விலக்கிப் பார்த்தார். அடுத்த நடைக்கு வேறு ஆளை ஏற்றச் சொல்லிவிட்டு, என்னைப் பக்கத்துக் கடையில் இருந்த கம்பவுண்டரிடம் (மருந்து கலந்து கொடுப்பவர்) அனுப்பினார்.

கம்பவுண்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "கறி, மீனு எதுனா சாப்ட்டியா?"

"இல்லைங்க. கத்திரிக்காக் கொழம்புதான்."

நான் பொய் சொல்லவில்லை. அந்தக் குழம்பில் என் மனைவி பார்வதி வாசனைக்காக ஒரு பிடி காய்ந்த எறா (இறால்) போட்டிருந்தாள். அதை எங்கள் வீட்டில் கறி என்றோ மீன் என்றோ யாரும் எண்ணுவதில்லை. பெருங்காயம் மாதிரி அதுவும் ஒன்று. எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவர் ஒரு மாத்திரை கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது.

இதைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அப்பாவோ அம்மாவோ இப்படி உப்பி, அரித்து, மூச்சு வாங்கிக் கிடந்தால் பெரியவர்கள் ஆளுக்கொன்று பேசுவார்கள். நடுவில் நிற்கிற பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. பெரியவர்களுக்கும் புரிவதில்லை என்பதுதான் உண்மை. நான் அதிகம் படித்தவனல்ல. எனக்கு விளங்கியதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். ஊரில் எல்லோரும் அதைக் காணாக்கடி என்றார்கள் (கண்ணில் படாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்று பொருள்). வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொன்னார்கள். மென்றேன். வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். பார்வதி பாயையெல்லாம் வெயிலில் உதறினாள். நான் சுவர் வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் வைத்து அடைத்தேன்.

மறுபடியும் வந்தது. பிறகு பல நாள் வரவில்லை. பிறகு வந்தது. சோப்பை மாற்றினேன். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடுவதை நிறுத்தினேன். டிக்கெட் மை மேல் சந்தேகம் வந்து, எச்சில் தொட்டு டிக்கெட் கிழிப்பதையும் விட்டேன். எதை விட்டாலும் அது தன்னிஷ்டப்படி வந்து போனது.

கார்த்திகையில் எங்கள் வீட்டில் கவிச்சு (கறி, மீன் வகை) கிடையாது. தீபம் முடிகிற வரை குழம்புச் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுவோம். அந்த நாட்களில் ஒரு தடிப்புகூட எழவில்லை. "சாமி எடுத்துட்டாரு" என்றாள் பார்வதி. நானும் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். காரணம் பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை.

தீபக் கூட்டத்தில் மழையில் நனைந்து நனைந்து வேலை பார்த்ததில் சளி பிடித்துக்கொண்டது. நெஞ்சுச் சளிக்கு எங்கள் பக்கம் வயல் நண்டுதான் மருந்து. நண்டை உரலில் இடித்துப் பிழிந்து வடிகட்டி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். நான் சின்னப் பிள்ளையிலிருந்து குடித்தது.

அன்று எனக்கு விடுமுறை. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் கௌரி, வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடித்து வந்தாள். "பாருப்பா, எவ்ளோ பெருசு! கடிக்க வந்துச்சு, நான் உடல" என்று தூக்குவாளியை என் மூக்கருகே ஆட்டினாள்.

முதல் டம்ளர் குடித்ததும் உள்ளங்கை அரித்தது. நாக்கு தடித்தது. தொண்டைக்குள் யாரோ சுருக்கு இழுப்பது போல இருந்தது. நெஞ்சில் கீ கீ என்று சத்தம்.

"சளி அசையுதுங்க. இன்னும் கொஞ்சம் குடிங்க, கரைஞ்சிடும்" என்று பார்வதி இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அவள் நல்லதுக்குத்தான் ஊற்றினாள். நானும் நம்பித்தான் குடித்தேன்.

அதன்பின் துண்டு துண்டாகத்தான் நினைவு. கண் இருட்டியது. குரல் எழவில்லை. கௌரி தெருவுக்கு ஓடி, வந்துகொண்டிருந்த எங்கள் பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றிருக்கிறாள்.

"ஏய் பாப்பா! நசுங்கிப் போயிருப்ப!" என்று காதர் பாய் கத்தியிருக்கிறார்.

"அப்பாவுக்கு மூச்சு வரல மாமா!"

அவர் இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கி நீளச் சீட்டில் போட்டார். வழியில் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. விசில் சத்தமே இல்லாமல் வண்டி ஓடுகிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உடனே அட்ரினலின் ஊசி போட்டார் (ஆபத்து நேரத்தில் நம் உடம்பே சுரக்கும் நீர் அது, அதையே மருந்தாகவும் கொடுக்கிறார்கள்). நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கியது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். "மருந்து வேலை செஞ்சா அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றார் நர்ஸம்மா. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே வந்தது.

"காலையிலிருந்து என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"ஒண்ணுமேவா?"

"மருந்துதாம்மா குடுத்தேன்" என்றாள் பார்வதி.

"என்ன மருந்து?"

"நண்டுச் சாறு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கு முன்னாடி தடிப்பு வந்தப்ப எறா, நண்டு, நத்தை எதாவது?"

"எறாவா? அது சும்மா கொழம்புல வாசனைக்குப் போடறது..." பார்வதி பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

இதற்கு அலர்ஜி என்று பெயர் (ஒவ்வாமை; தீங்கில்லாத உணவை உடம்பு எதிரி என்று எண்ணிச் சண்டைக்குப் போவது). எனக்கு எதிரி ஓடுள்ள பிராணிகள்.

"சின்ன வயசுலேர்ந்து குடிக்கிறாரேம்மா?" என்று பார்வதி கேட்டாள்.

"பெரியவங்க ஆன அப்புறமும் வரும். ஏன் இவருக்கு, ஏன் இப்பன்னு கேட்டா எனக்கும் தெரியாது."

அந்தப் பதில் என்னை இன்னும் குழப்பியது. பூச்சி என்றிருந்தால் அடித்திருக்கலாம். சாமி குற்றம் என்றால் வேண்டிக்கொண்டிருக்கலாம். என் உடம்பே மனம் மாறிவிட்டது என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

இதைக் குணமாக்க மருந்து இல்லை, விலக்குவதுதான் வைத்தியம் என்றார். எறாப் பொடி, எறா பொரித்த எண்ணெய், நண்டு கலக்கிய கரண்டி எதுவும் ஆகாது. கொதிக்கிற ஆவிகூடச் சிலருக்கு ஆகாது. அரிப்புக்கு மாத்திரை உண்டு. ஆனால் தொண்டை அடைத்தாலோ மூச்சு இழுத்தாலோ மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சரியான மாதிரி இருந்து மறுபடி திரும்பலாம் என்பதால் அன்று என்னை அங்கேயே படுக்க வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பார்வதி அந்தச் சட்டியை உடைத்துப் போட்டாள். மீன் வேறு, அது ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. அவரைக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்வதி பரிமாறிவிட்டு உட்காராமல் நிற்பாள்.

காதர் பாய்க்கு என்னைக் கிண்டல் செய்யாமல் இருக்க முடியாது. "புது மாப்ள தோத்தாரு, இவுருக்கு அவ்ளோ கவனிப்பு" என்பார். ஆனால் எந்த ஓட்டலுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அடுப்பங்கரை வாசலுக்குப் போய், "எங்க ஆளுக்கு எறா ஆவாது. வாசனைக்குப் போட்டிருந்தாலும் சொல்லிடுங்க" என்று கேட்பவர் அவர்தான்.

கௌரிதான் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரை தான் சாப்பிட மாட்டாள். கதவோரம் நின்று என் வாயையே பார்ப்பாள். ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"நான் புடிச்சாந்த நண்டுதானேப்பா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் தெரியும் என்பதால் சொல்லவில்லை. "ஆமாம்மா, நீ புடிச்ச நண்டுதான். நீ நிறுத்தின பஸ்ஸுதான் என்னைக் காப்பாத்துச்சு. நண்டு மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. என் ஒடம்புக்கு ஆள் அடையாளம் தெரியாம போச்சு."

"திரும்ப வருமா?"

"தெரியலம்மா. வந்தா இன்னா பண்ணணும்னு இப்ப தெரியும்."

அவளுக்கு அது போதவில்லை. அதனால் ஒரு வழி செய்தோம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நான் விசிலை எடுத்து மெதுவாக ஒரு தரம் ஊதுவேன். சத்தம் சரியாக வந்தால் உதடும் மூச்சும் சரி. அவள் "ரைட்டு!" என்பாள். பிறகுதான் தன் தட்டில் கை வைப்பாள்.

முன்பெல்லாம் சோறு தின்பது நேரத்தோடு சேர்ந்தே ஓடிவிடும். வாயில் போட்டது தெரியாது, எழுந்து வண்டிக்கு ஓடுவேன். இப்போது முதல் கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நான் காத்திருக்கிறேன். நாக்கு, தொண்டை, உள்ளங்கை என்று என் உடம்பை அதன் வாசலில் நின்று விசாரிக்கிறேன். முப்பத்தைந்து வயது வரை அதற்குள்ளே குடியிருந்தவன்தான்.

போன வாரம் சாப்பிட்டு முடித்து விசில் ஊதினேன். பதில் வரவில்லை. இன்னொரு தரம் ஊதினேன். எட்டிப் பார்த்தால் கௌரி தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்பே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றாள் பார்வதி.

நான் அவளைக் கூப்பிடவில்லை. ஒற்றைக் காலில் தாவித் தாவி அவள் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். உதட்டை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டு, கையில் விசிலோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.