ராஜம் ஆன்டி கேட்ட கசக்காத காப்பி

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் புறநகர் ரயிலில் வந்து, பிரிக்பீல்ட்ஸ் கடையை எட்டரைக்குத் திறந்தேன். காப்பிக்கொட்டையை வறுத்து விற்கும் சிறிய கடை. வறுப்பவனும் நான்தான், விற்பவனும் நான்தான். வழக்கம்போல முதல் வேலை கப்பிங்: முந்தைய நாள் வறுத்த ஒவ்வொரு வகையையும் அரைத்து, வெந்நீர் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சிப் பார்த்துத் துப்ப வேண்டும். அன்று எத்தியோப்பியக் கொட்டை அருமையாக வந்திருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

மேசையைத் துடைக்கும்போது ராஜம் ஆன்டி வந்தார். பின் தெரு ஃபிளாட்டில் தனியாக இருப்பவர். நான் கொடுத்த பிரேசில் பாக்கெட்டை மேசையில் வைத்தார்.

"தம்பி, மைல்டுன்னு சொல்லிக் கொடுத்தே. இதுவும் கசக்குது லா."

"இது மூணாவது பாக்கெட் ஆன்டி. இதுக்கும் மேல மைல்டு வேணும்னா வெறும் வெந்நீர்தான் இருக்கு."

"கிண்டல் பண்ணாதே. நாலு மணிக்கு கவிதா வந்துருவா."

கவிதா அவருடைய மகள். வீடு சுபாங் ஜெயாவில். ஞாயிறுதோறும் வருவாள். அம்மாவின் காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதும்மா" என்று எழுந்துவிடுவாள். போகும் வழியில் ஏதாவது கஃபேயில் உட்கார்ந்து குடிப்பாளாம். அங்கே உட்காரும் நேரம் அம்மா வீட்டில் உட்காரமாட்டாளா என்பதுதான் ஆன்டியின் ஏக்கம்.

பிரேசில் மீடியம் ரோஸ்ட்டில் புளிப்புக் குறைவு. வறுத்த கடலை வாசனை வரும், தொண்டையை உறுத்தாது. கசக்கக் காரணமே இல்லை. எப்படிப் போடுகிறார் என்று கேட்டேன்.

"மைல்டா வேணும்னு தூளைப் பாதியாக் கொறச்சுட்டேன். துணி வடிகட்டியில கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி, எறங்குனதையே மறுபடியும் மறுபடியும் ஊத்துவேன். இல்லாட்டி நெறமே வராதே!"

பால் சேர்க்காத கோப்பி-ஓ போட்டுப் பழகிய கைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யும். தூளிலிருந்து நல்ல ருசி முதலில் இறங்கிவிடும். மேலும் மேலும் ஊற்றினால் இறங்குவது கசப்புதான். மென்மை வேண்டுமென்று தூளைக் குறைக்கக் கூடாது. கொதி அடங்கிய தண்ணீரை ஒரே தடவை ஊற்றி, வடிகட்டியை எடுத்துவிட வேண்டும். பிறகு திடம் அதிகமாகத் தெரிந்தால் கப்பில் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும், ஆன்டி கடையிலேயே அப்படி ஒரு கப் போட்டுக் குடித்துப் பார்த்தார்.

"கசக்குதா?"

"இல்ல. கவிதாவுக்குப் பிடிக்கும்."

அன்று மாலை வேலையில் மனம் நிற்கவில்லை. ஆறு மணிக்கு ஆன்டியே போன் செய்தார்.

"குடிச்சாங்களா ஆன்டி?"

"முழுசாக் குடிச்சா. நல்லாருக்குன்னா."

"அப்புறம் என்ன?"

"கப்பைக் கழுவி வச்சுட்டு, ரோடு ஜாம் ஆயிரும்னு கெளம்பிட்டா. அஞ்சு மணிகூட ஆகல. கசக்குதுன்னு சொன்னப்ப, அடுத்த வாரம் வேற தூள் வாங்கிப் பாக்கலாம்னு இருந்துச்சு தம்பி. இனி எதை மாத்துறது?"

ரயிலில் வீடு திரும்பும்போது அதையே யோசித்தேன். மூன்று பாக்கெட் கொடுத்தபோதும் நாங்கள் பேசியது கவிதாவின் நாக்கைப் பற்றித்தான். இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மென்மையான காப்பி கேட்டு ஒருவர் வந்தால், அது யாருக்கு என்று கேளுங்கள். வேறு யாருக்கோ என்றால், "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றும் கேளுங்கள்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும், கப்பிங்கைத் தள்ளிவைத்துவிட்டு ஆன்டியை அழைத்தேன்.

"நேத்து இங்க ஒரு கப் குடிச்சீங்களே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எனக்கா?" சிரித்துவிட்டார். "கோவிச்சுக்காதே தம்பி. சப்புன்னு இருந்துச்சு. எனக்குக் கசக்கணும் லா."

"அப்ப கெளம்பி வாங்க. நல்லாக் கசக்குற டார்க் ரோஸ்ட் வறுக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு, வறுக்கும் டிரம்மைச் சூடேற்றினேன்.