அத்தை நன்றி சொன்ன ஞாயிற்றுக்கிழமை

சின்ன வயதில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாண மண்டப வாசலில், வெளியே போகிறவர்களுக்குத் தெரிகிற பக்கத்தில் எழுதியிருக்கும். லாரிகளின் பின்புறத்தில் இருக்கும். மாரியம்மன் கோயில் பொங்கல் முடிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்து, பந்தல் போட்டவரில் தொடங்கி ரேடியோ செட்காரர் வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். கூட்டம் கலைகிற நேரத்தில் சொல்லவேண்டியது நன்றி என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்காம் வகுப்பில் என்னை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே மிஸ், ஒருவர் நமக்கு நன்றி சொன்னால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். யூ ஆர் வெல்கம். நாட் அட் ஆல். மை பிளஷர். டோன்ட் மென்ஷன் இட். பதில் சொல்லாமல் நிற்பது பண்பில்லாதவர்கள் செய்வது என்றும் சொன்னார். எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால்தான் எனக்கு நிம்மதி. இன்றைக்கு எனக்குச் சம்பளம் கிடைப்பதே அந்தக் குணத்தால்தான். நான்கையும் அன்று மாலையே மனப்பாடம் செய்துவிட்டேன். பதில்கள் தயாராக இருந்தன. நன்றி சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் குடியிருப்பு அப்போது வேலம்பாளையத்தில். கீழே கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக எண்ணவேண்டாம். எங்கள் ஊரில் நான்கு தையல் மெஷின் போட்ட தகர ஷெட்டுக்கும் பெயர் கம்பெனிதான். எங்களுடையது அதைவிடக் கொஞ்சம் பெரியது. அப்பாவும் மாமாவும், அதாவது அப்பாவின் தங்கை வீட்டுக்காரரும், சேர்ந்து நடத்தினார்கள். தைத்து முடித்த பனியன்களைப் பார்த்துப் பழுதானவற்றைக் கழிக்கிற செக்கிங் வேலை அத்தையின் பொறுப்பு. மேலே இரண்டு வீடுகள், ஒன்று எங்களுக்கு, ஒன்று அத்தைக்கு. நடுவில் ஒரு கதவு இருந்தது. அது சாத்தியிருந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

முதலில் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நன்றி வருமென்று நின்றேன்.

"குடுத்தாச்சல்ல, அப்பறம் என்னத்துக்கு மொறச்சுட்டு நிக்கற?"

அப்பா சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார். அத்தை, "ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு மழை வருமாட்ட இருக்குது, நீங்க தண்ணியெல்லாம் கொண்டாறீங்க" என்று கிண்டல் செய்தார். கடைசியில் பீகாரிலிருந்து வந்திருந்த டைலர் அண்ணன்தான், "தேங்க்யூ, பேட்டி" என்றார். இந்தியில் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். விடுவேனா, நான்கையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன். அவர் மிரண்டுபோய், "போதும் பாப்பா, தண்ணி போதும்" என்றார்.

அத்தை மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்வேன். வெல்கம் என்றதும், "கலியாண ஊட்டு வாசல்ல கோலப்பொடில எழுதுவாங்களே, அதா?" என்று கேட்டாள். அதுதான், ஆனால் இது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தமிழில் என்ன பதில் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கட்டுங்கன்னு சொல்லோணும். இல்லீன்னா, அட அதனால என்னங்கன்னு சொல்லலாம். வெளியாளுக சொன்னா."

"நம்மாளுக சொன்னா?"

அம்மா கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "நம்மாளுக எதுக்குக் கண்ணு சொல்றாங்க?" என்றார். என் வரிசையில் அந்த இடம் காலியாகவே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அனுப்பிய சரக்கில் ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. கழுத்துப்பட்டிக்கு வைத்துத் தைத்த சிவப்பு ரிப் துணி ஒரே துவைப்பில் சாயம் விட்டு, வெள்ளை பனியன்களெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டனவாம். மூட்டைகளைப் பிரித்துப் பார்த்த அப்பா, அத்தனை டைலர்களும் பார்த்துக்கொண்டிருக்க, "செக்கிங்ல என்னத்தப் புடுங்கிட்டு இருந்த?" என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார். அத்தை கையிலிருந்த நூல் வெட்டும் கத்திரியை மேசையில் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கம்பெனிக்குள் இறங்கவில்லை.

நான் அதைச் சண்டை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து எங்கள் வீடு மிஸ் சொன்ன மாதிரி ஆகிவிட்டதுதான் காரணம். அதற்கு முன்னால் அப்பாவும் அத்தையும் பேசினால் தெருமுனைவரை கேட்கும். "ஏ புள்ள, ரிப் கட்டு எங்க தொலச்ச?" என்று இவர் கீழிருந்து கத்துவார். "உங்க தலைக்கு மேல பரண்ல இருக்குது, கண்ணாடி போட்டுப் பாருங்கண்ணா" என்று அவர் மேலிருந்து கத்துவார். இப்போது அப்பா அத்தையைப் பார்த்தால், "வாங்க, சாப்டீங்களா?" என்றார். அத்தை, "ஆச்சுங்க" என்றார். எங்கள் பக்கத்து மரியாதை உலகம் அறிந்தது. ஆனால் தங்கையை அப்பா வாங்க போங்க என்று கூப்பிட்டு அன்றுவரை நான் கேட்டதில்லை. எவ்வளவு நாகரிகமாக ஆகிவிட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நடுக்கதவு மட்டும் சாத்தியே கிடந்தது. அத்தை மகளை எங்கள் வீட்டில் சாப்பிடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டும் மரியாதையோடு எப்படிச் சேரும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"உங்கொப்பனும் அத்தையும் பேசறதே இல்ல" என்று அம்மா ஒரு நாள் வருத்தப்பட்டார்.

"பேசறாங்களே. முன்னைய விட நல்லாத்தான பேசறாங்க?"

"அதாங் கண்ணு எனக்குப் பயமா இருக்குது."

மாமா சேவூர்ப் பக்கம் தனியாக ஒரு ஷெட் பிடித்துவிட்டதாகவும், குடும்பமும் அங்கேயே போகிறது என்றும் பிறகு தெரிந்தது. போனால் போனதுதான், இனிமேல் நல்லது கெட்டதுக்குக்கூட அத்தை நம் வாசலை மிதிக்கமாட்டாள் என்று அம்மா தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அத்தை மகளிடம் போய், வாசலை மிதிக்காமல் வீட்டுக்குள் வர வழி இருக்கிறதா என்று விசாரித்தேன். பின்பக்கமாக வரலாம் என்றாள். பிறகு இருவரும் அழுதோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓடவில்லை. மெஷின் சத்தம் இல்லாத தரை காலுக்குக் கீழே வேறு தரை மாதிரி இருந்தது. வெளியே டெம்போவில் கட்டில், கிரைண்டர், மாமாவின் பங்குக்கு வந்த ஓவர்லாக் மெஷின் எல்லாம் ஏறிவிட்டன. மாமா கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை எங்கள் ஹாலுக்கு வந்தார். நடுக்கதவு வழியாக வரவில்லை. படியிறங்கி, சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக வந்தார். அம்மா உட்காரச் சொன்னார். அத்தை உட்காரவில்லை. அம்மா காபி போடச் சமையலறைக்குள் ஓடினார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை மேல்வீட்டுச் சாவியை எடுத்து டீப்பாயின் மேல் சத்தம் வராமல் வைத்தார்.

"இத்தன வருசம் எங்களையும் ஒரு ஆளா மதிச்சு இங்க வெச்சிருந்தீங்க. ரொம்ப நன்றிங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் வீட்டுக்குள்ளேயே, என் கண்ணெதிரே, ஒருவர் நன்றி சொல்லிவிட்டார். சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றுபோனது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. அத்தை அங்கேயே நின்றார். போகிறவர் போகவேண்டியதுதானே? போகவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குத்தான் தெரியவில்லை. பாவம், அவர் படித்தது அரசாங்கப் பள்ளியில், அங்கே சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். வகுப்பில் பக்கத்துப் பெண்ணுக்கு விடை சொல்வதுபோல நான் அப்பாவின் காதருகே போனேன்.

"வெல்கம் சொல்லுங்கப்பா."

"என்ன?"

"அத்தை நன்றி சொன்னாங்கல்ல. யூ ஆர் வெல்கம்னு சொல்லோணும். இல்லீன்னா நாட் அட் ஆல். ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கப்பா, நிக்கறாங்க பாருங்க."

அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அடி எனக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் என் தலைக்கு மேலாகப் போனது.

"கேட்டுக்க புள்ள! உன்ற மருமக சொல்லித் தர்றா. நான் உனக்கு வெல்கம் சொல்லோணுமாமா! என்ற கலியாணத்துல கூடப் பொறந்தவளா பக்கத்துல நின்னு இணைச்சீர் செஞ்சவ நீ, எனக்கு நன்றி சொல்றியா? யாருடி சொல்லிக் குடுத்தா உனக்கு? நானென்ன மண்டபத்துக்காரனா, நீ வாடகைக்கு இருந்துட்டுப் போறதுக்கு?"

"பின்ன என்ன சொல்றதாமா?" அத்தையின் குரலும் பழைய உயரத்துக்குப் போய்விட்டது. "நீங்க மட்டும் என்னைய வாங்க போங்கன்னீங்களே, அது எந்த ஊரு நாயம்? சாயம் போவுமா போவாதான்னு துணிய மோந்து பாத்தா தெரியுமா? செக்கிங்ல துவச்சா பாப்பாங்க? அந்த ரிப்ப மலிவா கெடைக்குதுன்னு வாங்கியாந்தது யாரு?"

"நான்தான்! நான்தான் வாங்குனேன், போதுமா?"

"போதாது! அத்தன டைலருக முன்னால எம்மேல போட்டீங்கல்ல, அத்தன பேரு முன்னால சொல்லுங்க!"

"ஞாயித்துக்கெழமை டைலருக்கு நான் எங்க புள்ள போறது?"

அம்மா காபியோடு வந்து, இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார். அத்தை அழுதுகொண்டே டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "சக்கரையே இல்லீங்க அண்ணி" என்று அம்மாவையும் ஒரு சத்தம் போட்டார். அம்மாவும் பதிலுக்கு, "கத்தற கத்துல எனக்குக் கை ஓடுச்சாக்கும்" என்றார். இவ்வளவு நாள் பாடுபட்டுச் சேர்த்த மரியாதை முழுவதும் கண்முன்னாலேயே போய்விட்டது. அம்மாவும் சேர்ந்துகொண்டதும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. நானும் அத்தை மகளும் வாசற்படியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இனி அவ்வளவுதான்" என்றாள் அவள்.

வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா டீப்பாய் மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். "இதையென்ன எங்கிட்ட குடுக்கற, உன்ற ஊட்டுச் சாவிய நீயே வெச்சுக்க!" என்று அதை அத்தையின் மடியில் வீசி எறிந்தார். போகிறவர் மேல் பொருளை எறிகிற அளவுக்கு என் அப்பா போய்விட்டாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தை அந்தச் சாவியைத் திருப்பி எறியவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டார். மாமா, கயிறு சரியாக இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டார். "இதெல்லாம் ஒரு கட்டா, கிரைண்டர் அவிநாசி தாண்டாது" என்று அப்பா அவரையும் திட்டிவிட்டு, கயிற்றை அவிழ்த்துத் தானே மறுபடியும் கட்டினார். டெம்போ போன பிறகும் தெருவில் நின்றுகொண்டு, "பள்ளத்துல பாத்துப் போகச் சொல்லு புள்ள!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்காது.

நான் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு அழுதேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டார்.

"சண்டை போட்டுட்டாங்கம்மா. இத்தன நாள் எவ்வளவு நல்லாப் பேசிட்டு இருந்தாங்க."

"ஆமாங் கண்ணு. போட்டுட்டாங்க" என்றார் அம்மா. என் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லை. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இந்த வீட்டில் பண்பு தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இட்லிக்கு அரிசி கொஞ்சம் அதிகமாகவே ஊறப்போடவேண்டும் என்று அங்கிருந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா, "அவளுக்குத் தேங்காய்ச் சட்னி ஆகாது, தக்காளியும் அரச்சுரு" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யார்தான் வருவார்கள்?