அம்மா வந்த அன்று செய்த ஃபிரைடு ரைஸ்

காருக்கு ஒயர் கட்டும் லைனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்குப் பசி வயிற்றில் எடுக்காது, முழங்காலில்தான் எடுக்கும். ஷிஃப்ட் முடிந்து, படப்பையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, "இன்னைக்கு சமையல் யார் முறை?" என்று கேட்டபடியே மாடியேறிய எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் ரூமில் நானும் ஜெயாவும் மட்டும். "சிக்கன் ஃபிரைடு ரைஸா? இருபது நிமிஷம்தான்" என்று கேன்டீனில் யாரோ சொன்னதை நம்பிய இரண்டு அப்பாவிகள்.

பிசின்

முதல் முறை, குக்கரைத் திறந்த சூட்டோடு சோற்றை அள்ளிக் கடாயில் போட்டேன். கிளறக் கிளறக் குழைந்தது. முட்டைக்கோஸ் எது, முட்டை எது என்று தெரியவில்லை. சிக்கனை விரலால் தோண்டித்தான் எடுத்தோம். ஜெயா தன் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு பருக்கைகூட விழவில்லை.

"அக்கா, நாளைக்கு லைனுக்கு டேப் வேண்டாம், இதையே ஒயர்ல சுத்திரலாம்."

முழுத் தீ

"கடைக்காரங்க தீயை முழுசா வைப்பாங்கக்கா" என்றாள் ஜெயா. வைத்தோம். எண்ணெய் புகைந்தது, பச்சை மிளகாய் விழுந்ததும் இருவருக்கும் இருமல். இருமிக்கொண்டே சோயா சாஸ் பாட்டிலைச் சாய்த்தேன். மூடி கழன்று பாதி பாட்டில் உள்ளே போய்விட்டது.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா, வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து, ஒரு குடம் தண்ணீரோடு மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார். கடாயை எட்டிப் பார்த்தார். குடத்தை இறக்கி வைத்தார்.

"இன்னாம்மா இது, சோறு ஆக்கிகினு கீறீங்களா, தார் ரோடு போட்டுகினு கீறீங்களா?"

கரண்ட் போனது

அந்த வாரம்தான் அம்மா கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான் மெலிந்திருந்தேனாம். வேலையை விடச் சொல்லிக் கூட்டிப்போகவே வந்துவிட்டாள். டிரெயினிங் முடிந்து நான் வேலையில் கன்ஃபர்ம் ஆக இரண்டே மாதம் இருந்தது. "நான் சமைக்கிறதை ஒரு வேளை சாப்பிட்டுட்டு முடிவு பண்ணும்மா" என்றேன்.

சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்தேன். கரண்ட் போய்விட்டது. நானும் ஜெயாவும் ஆளுக்கொரு காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு வெறிபிடித்த மாதிரி விசிறினோம். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, பெத்தவ இங்க வேர்த்து வடியுதேன், நீ சோத்துக்கு விசிறுதியே!"

இரண்டாவது தட்டு

சிக்கனைப் பொரித்தேன், முட்டையைக் கிளறினேன், ஆறிய சோற்றைக் கொட்டி சாஸை ஸ்பூனால் அளந்து விட்டேன். அம்மா ஒரு வாய் மென்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாய், அதற்கடுத்த வாய். பிறகு அம்மா தலை நிமிராமல் காலித் தட்டை என் பக்கம் நீட்டினாள். நானும் ஜெயாவும் கட்டிக்கொண்டு குதித்ததில் கீழே வீட்டுக்கார அம்மா மறுபடி குரல் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, தாம்பரத்தில் அம்மாவைத் தனியாகத்தான் பஸ் ஏற்றினேன். ஜன்னல் வழியே என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஏட்டி, நீ இங்கனயே இரு. ஊருக்கு வந்து என் சமையலைத் தின்னா மறுபடி மெலிஞ்சிருவ."

மற்றவர்கள் டார்கெட்டை முடித்து வேலையில் நிலைத்தார்கள்; நான் அரைக் கிலோ கோழியை ஒழுங்காகப் பொரித்து நிலைத்தேன்.